பெட்டிக்குள் கேட்ட பாட்டு

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தாண்டிய பிறகு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் கற்றுக்கொள்ளப் புறப்படாதீர்கள். கண் தெரியாது, கை நடுங்கும், வீட்டில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய பெட்டிதானே, உள்ளே தூசும் கரப்பான்பூச்சியும்தான் இருக்கும் என்று நினைத்துத் திறக்கிறோம் பாருங்கள், அங்கேதான் வசமாக மாட்டிக்கொள்கிறோம்.

என் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, போன மழைக்காலத்தில் சோரியாங்குப்பத்தில் காலமானார். நாற்பதாம் நாள் பூசை முடிந்து நான் அரியாங்குப்பத்துக்குக் கிளம்பும்போது அவருடைய மருமகள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியை இழுத்து வெளியே போட்டாள். சாம்பல் நிறம், முன்பக்கம் மூன்று திருகுக் குமிழ், மேலே சல்லடைத் தகடு. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயிலின் பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயர்.

"யக்கா, இத இன்னா பண்றது? மாமா போனப்புறம் ஆன் பண்ணா மாடு மாதிரி உறுமுது. எடைக்குப் போட்டுடட்டுமா?"

"வேணாம், நான் எடுத்துக்கினு போறேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது தெரியாது. அந்தப் பெட்டியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. மாமா சின்ன வயதில் கோயில் ஆம்ப்ளிஃபயரைப் பெரிய வெள்ளிக்கிழமை அன்று கொளுத்திவிட்டார் என்ற கதை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் யாராவது எடுத்துவிடுவார்கள். நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நான் சொன்னால் எல்லாரும் நன்றாகச் சிரிப்பார்கள். மாமாவும் அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்.

சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து வேலையை ஆரம்பித்தேன். முதல் நாளே ஷாக். பிளக்கைப் பிடுங்கிவிட்டோமே என்று தைரியமாகக் கை வைத்தேன், தோள் வரைக்கும் உதறிப் போட்டது. வில்லியனூரில் பழைய ரேடியோ பார்க்கிற கடைக்காரத் தம்பியிடம் போய்ச் சொன்னால் அவன் சிரிக்கிறான். "ஆன்ட்டி, இது பிளக்க புடுங்கினாலும் உள்ள கரண்ட்டு வெச்சிருக்கும். கண்டென்சர்ல தங்கிடும். மொதல்ல அத எறக்கி வுட்டுட்டுத்தான் தொடணும்." எவ்வளவு காலம் தங்கும் என்று கேட்டேன். அது கண்டென்சரைப் பொறுத்தது என்றான்.

நான் பிறந்த ஊர் வில்லியனூருக்கு மேற்கே, செல்லிப்பட்டு போகிற வழியில், சங்கராபரணி ஆற்றோரம். கிறிஸ்தவ ஊர். நெல், கரும்பு, நடுவில் பெரிய கோயில். அப்பா நிலம் உள்ளவர், கோயில் நாட்டாமை. பங்குச் சாமியார்கள் மூன்று வருஷம் ஐந்து வருஷம் என்று மாறிப் போவார்கள், அப்பா மாறமாட்டார். மாமா அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறவில்லை. கரும்புக்குத் தண்ணீர் கட்டுவார், மாட்டுக்குத் தவிடு வாங்கி வருவார், அப்பா எதிரே வந்தால் எழுந்து நிற்பார். தண்டச்சோறு என்று அப்பா நேரடியாகச் சொன்னதில்லை. "உன் தம்பி சாப்ட்டானா?" என்று அம்மாவிடம் கேட்கும் தொனியிலேயே அது இருக்கும்.

மாமா தபாலில் ரேடியோ படித்துக்கொண்டிருந்தார். மாதம் ஒரு கட்டு பாடம் வரும். அந்த வருஷம் தவக்காலம் தொடங்கும்போது புதுச் சாமியார் மடிந்துபோன ஒரு டூரிங் டாக்கீஸிலிருந்து இந்த ஆம்ப்ளிஃபயரையும், ஒரு மைக்கையும், ஒரு குழாய் ஸ்பீக்கரையும் வாங்கி வந்தார். அப்போதே அது கிழட்டுப் பெட்டிதான். கோயிலில் மாட்டினால் முக்கல் முனகல்கூட இல்லை. "நான் பாக்கட்டுமா சாமி?" என்று மாமா கேட்டுவிட்டார். அவர் அதுவரை ஒரு ரேடியோவைக்கூடச் சரிசெய்ததில்லை என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

பம்பு செட் கொட்டாயில் வேலை நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். நான்தான் வால்வுகளுக்குக் காவல். கண்ணாடிக் குப்பிகள், உள்ளே வெள்ளிப் பூச்சும் கம்பிகளும். ஒவ்வொன்றையும் பழைய புடவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருப்பேன். ஈயம் உருகும் வாசனையும் குங்கிலிய வாசனையும் இன்றைக்கும் எனக்குப் பூசை வாசனை மாதிரித்தான் இருக்கிறது.

அம்மா கஞ்சி கொண்டுவந்து வாசலிலேயே நிற்பாள். "ஏண்டா, தொட்டா செத்துடப் போற."

"இல்லக்கா, ஒரு கைய பாக்கெட்ல வெச்சிக்கினு இன்னொரு கையாலதான் தொடணும். பாடத்துல போட்டிருக்குது."

"லுங்கில பாக்கெட்டு எங்கடா இருக்குது?"

மாமா யோசித்தார். பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் இடுப்பில் செருகிக்கொண்டு வேலை செய்தார். கடைசி வரைக்கும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் பல்பு மாற்றினால்கூட இடது கை முதுகுக்குப் போய்விடும்.

ஒரு வாரம் தேடினார். பாடத்தில் சொன்னபடி ஒவ்வொன்றாய். பியூஸ் பார்த்தார், கரண்ட் வருகிற ஒயர் பார்த்தார், வால்வுகளை இடம் மாற்றிப் பார்த்தார். கடைசியில் நான்தான் சொன்னேன், ஒரு வால்வு மட்டும் சரியாக உட்காராமல் ஆடுகிறது என்று. அந்த வால்வு செருகும் ஓட்டைக்குள் குச்சியை விட்டுப் பார்த்தால் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. சுரண்டி எடுத்துச் செருகினார். எல்லா வால்வும் செக்கச்சிவப்பாக ஏறியது. மைக் செருகும் ஓட்டையில் எச்சில் தொட்ட விரலை வைத்தார். வரப்பில் வைத்திருந்த குழாயிலிருந்து ஒரு பிளிறல். நெல் வயலில் இருந்த கொக்கெல்லாம் ஒன்றாக எழும்பின. அப்பாவின் உழவு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடியது. மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

சாமியார் எங்கள் வீட்டுக்கே வந்து அப்பா முன்னால் மாமாவிடம் சொன்னார். "ஈஸ்டர் வரைக்கும் இது நிக்காம பாடட்டும். அப்புறம் கோயில் மைக் செட்டு உன் பொறுப்பு. சுத்துப்பட்டு கோயில் திருவிழாவுக்கெல்லாம் நானே சொல்லிவுடறேன். வில்லியனூர்ல ஒரு கடை போட்டுக்கோ."

மாமாவுக்கு எல்லாமே அதில் இருந்தது. கடை, அக்கா வீட்டைவிட்டுத் தனியாக ஒரு வாழ்க்கை, அப்பா எதிரே உட்கார்ந்து பேசும் உரிமை. ஈஸ்டர் வரைக்கும் அந்தப் பெட்டி செத்துப்போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா மீசையை நீவிக்கொண்டு, "பாடட்டும் பாக்கலாம்" என்றார்.

இனிமேல் எழுதுவதற்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பெரிய வெள்ளிக்கிழமை அன்று பூசை கிடையாது, மணி அடிக்கக் கூடாது. மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஆள் கூப்பிடுவார்கள். மதியத்துக்கு மேல் சிலுவைப்பாதை. கோயில் சுவர் நெடுக இருக்கும் நிலைகளை ஒவ்வொன்றாகச் சுற்றி வர வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் ஒரு தெரு பாட வேண்டும். எங்கள் தெரு, மேலத் தெரு, கோயில் தெரு என்று முறை இருந்தது. காலனிக்கும் ஒரு நிலை இருந்தது. அவர்கள் கோயிலின் இடது பக்க இறக்கையில் தரையில் உட்காருவார்கள். அவர்கள் முறை வரும்போது இருந்த இடத்திலேயே எழுந்து நின்று பாடுவார்கள். ஏன் அப்படி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. சாமி கும்பிடும் இடத்திலேயே சுவர் இல்லாமல் ஒரு சுவர் இருந்தது, நாங்கள் அதில் சாய்ந்துகொண்டு ஜெபம் சொன்னோம்.

அதுவரைக்கும் யார் பாடினாலும் சத்தம் கோயிலுக்குள் அடங்கிவிடும். இப்போது வாசல் வேப்பமரத்தில் குழாய் கட்டியாகிவிட்டது. மைக்கில் பாடினால் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்கும். குருத்து ஞாயிறு பூசை முடிவில் சாமியார், இந்த வருஷம் எல்லாத் தெருவும் பீடத்துப் படியில் மைக் முன்னால் வந்துதான் பாட வேண்டும் என்று அறிவித்தார். எல்லாத் தெருவும் என்று சொல்லிவிட்டு, காலனியும்தான் என்று ஒரு தடவை தனியாகவும் சொன்னார்.

அன்று அப்பா சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஆத்துக்கு அந்தாண்ட இருக்கறவன் காதுல அவங்க பாட்டு வுழுந்தா இன்னா நெனைப்பான்? இது யார் கோயிலுன்னு கேக்கமாட்டான்?"

"சாமியே சொல்லிட்டாரு மாமா" என்றார் என் மாமா. அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"சாமி நாளைக்கி மாத்தலாயி பூடுவாரு மச்சான். இங்க குடும்பம் நடத்தப் போறவன் நானு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா குழம்பு ஊற்ற வந்தவள் ஊற்றாமலே உள்ளே போனாள்.

காலனியில் பாடுகிற ஒரு அக்கா இருந்தார். எங்கள் வயலில்தான் நடவுக்கு வருவார். நடவுப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து பாடினாலும் அவர் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்கலாம். கூழ் ஊற்றும்போது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து கையை நீட்டி வாங்கிக் குடிப்பார். இன்றைக்கு அக்கா என்று எழுதுகிறேன். அன்றைக்கு அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர், நான் பேர் சொல்லி வாடி போடி என்றுதான் கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்தவர்களும் என்னைக் கண்டித்ததில்லை, அவரும் கோபப்பட்டதில்லை. நினைத்தால் இப்போது நாக்கு கசக்கிறது.

மாமா அவரை மைக்குக்குப் பழக்கினார். நடுப்பகல், கோயிலில் யாருமில்லை. அந்த அக்கா மைக்குக்கு நாலு அடி தள்ளியே நின்றார்.

"கிட்ட வாங்க. அது ஒண்ணும் கடிக்காது."

"எனக்கு இன்னாத்துக்கு மைக்கு? எங்கொரலு தானாவே போவும்."

"போவும். இது இன்னும் கொஞ்ச தூரம் போவும். வாங்க."

வாங்க என்று மாமா சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து அவரிடம் அப்படிப் பேசிய ஒரே ஆள் மாமாதான். அந்த அக்கா கிட்டே வந்து ஒரு வரி பாடினார். வேப்பமரத்துக் குழாயில் அது கிளம்பி வெளியே போனது. பாடினவரே பயந்துபோய் நிறுத்திவிட்டு, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அது நான்தானா?" என்றார். மாமா சிரித்தார்.

பெரிய வெள்ளிக்கிழமை. காற்றே இல்லாத வெயில். கோயிலில் சுரூபங்களை, புனிதர் சிலைகளையெல்லாம், ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபயர் பீடத்துக்குப் பின்னால், பூசை உடுப்பு வைக்கிற அறையில் இருந்தது. மாமா மைக் பக்கத்தில் நின்றார், ஆளுக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்க. பெட்டி ஓவராகச் சூடேறினால் ஓடிவந்து சொல்லும் வேலை எனக்கு. அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தெரு பாடியது. மேலத் தெரு பாடியது. குழாய் கம்பீரமாக முழங்கியது. மாமா முகத்தைப் பார்த்தால் ஈஸ்டரே வந்துவிட்டது போல இருந்தது. பிறகு காலனி முறை வந்தது. அந்த அக்கா எழுந்து, எல்லாரும் பார்க்க, நடுக் கோயிலில் நடந்து பீடத்துப் படிக்கு வந்தார்.

அப்போது அப்பா உடுப்பு அறைக்குள் வந்தார். நேராகப் பெட்டிக்குப் பின்னால் போனார். மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, குழாய்க்குப் போகும் ஒயர் மாட்டியிருந்த திருகைத் திருகினார். ஒயர் கையோடு வந்தது. அதைக் கைக்குள் வைத்துக்கொண்டு பெட்டிக்கு முதுகு காட்டி நின்றார்.

"இன்னாப்பா?" என்றேன்.

"ஒயரு லூசா இருக்குது. புடிச்சிக்கினு இருக்கேன். நீ பேசாம இரு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா மாமாவுக்கு ஒத்தாசை செய்கிறார் என்று நினைத்தேன்.

அந்த அக்கா பாட ஆரம்பித்தார். குழாயில் ஒன்றும் வரவில்லை. வெளியே மரத்தடியில் நின்றவர்கள் முணுமுணுப்பது கேட்டது. மாமா ஓடி வந்தார். சிவப்பு விளக்கு எரிகிறது, வால்வு எரிகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. பெட்டிக்குப் பின்னால் பார்க்க அப்பா நகரவில்லை, அப்பாவை நகரச் சொல்ல மாமாவுக்குத் தைரியமும் இல்லை. சத்தக் குமிழைப் பிடித்துக் கடைசி வரைக்கும் திருப்பினார். திருப்பிவிட்டு மைக்கைப் பார்க்க ஓடினார்.

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். பெட்டிக்குள்ளிருந்து அந்த அக்காவின் குரல் வந்தது. குழாய் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, வெறும் இரும்புப் பெட்டி. அதற்குள்ளே யாரோ விரல் அளவு ஆள் உட்கார்ந்து பாடுவது போலச் சின்னதாக, வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். டிக், டிக் என்று ஏதோ சொடுக்கியது. அரக்கு கருகும் நாற்றம் வந்தது. சல்லடைத் தகடு வழியாகப் புகை.

"மாமா, பொகை வருது" என்று கத்தினேன்.

அந்தக் களேபரத்தில் அப்பா ஒயரைப் பழைய இடத்தில் மாட்டித் திருகினதையும் பார்த்தேன். சாமியார் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அந்த அக்கா மட்டும் நிறுத்தவில்லை. மைக் செத்தது தெரிந்தும் நிலையை முடித்துவிட்டுத்தான் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. பெண்கள் கஞ்சித் தொட்டி பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். "அவ வாய் வெச்சா, எரிஞ்சிது. ஆண்டவருக்கே புடிக்கல பாரு." ஆண்கள் மாமாவைச் சொன்னார்கள். தபாலில் படித்தவன் கையில் பெட்டியைக் கொடுத்தால் வேறு என்ன ஆகும் என்றார்கள்.

மறுநாள் காலையில் மாமா பெட்டியைக் கொட்டாய்க்குக் கொண்டுவந்து பிரித்தார். நான் வழக்கம்போல வால்வை மடியில் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழாய்க்குச் சத்தம் கொடுக்கிற டிரான்ஸ்பார்மர் கரிக்கட்டையாக இருந்தது. "நல்லாத்தான இருந்துச்சு. நல்லாத்தான இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னேன்.

"நீ மட்டுமா மாமா, அப்பாகூட காப்பாத்தப் பாத்தாரு. அவருதான் ஒயர புடிச்சிக்கினு இருந்தாரு."

மாமாவின் கை நின்றது. "எந்த ஒயரு?"

காட்டினேன்.

"புடிச்சிக்கினா? மாட்டியிருந்துச்சா, கையில இருந்துச்சா?"

"கையில. அப்புறமா மாட்டிட்டாரு. மாமா, பொட்டிக்குள்ள பாட்டு கேட்டுது. மெய்யாலும். உள்ளயே பாடினா."

ஈயக் கோல் சூடேறிப் புகைந்துகொண்டிருந்தது, அதை எடுத்து மண்ணில் குத்தினார். "இத யார்கிட்டயும் சொல்லாத. பொட்டிக்குள்ள பாட்டு கேட்டுதுன்னா சிரிப்பாங்க" என்றார். என்னைக் கேலியிலிருந்து காப்பாற்றுகிறார் என்று நான் நம்பினேன்.

சாமியாரிடம் போய், "என் தப்புதான் சாமி. வால்யூம ஜாஸ்தி வெச்சிட்டேன்" என்று சொன்னார். நான் கூடவே நின்றிருந்தேன். சாமியார் பெருமூச்சு விட்டார். அப்பா பக்கத்திலிருந்து, "கொளுத்தினவனே அத எடுத்துக்கினு போவட்டும், கோயில்ல எதுக்கு" என்றார். அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஈஸ்டர் முடிந்ததும் மாமா அந்தப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சோரியாங்குப்பத்துப் பழைய வீட்டுக்குப் போனார். வில்லியனூரில் கடை வரவில்லை. கரும்பு வெட்டினார், பிறகு ஒரு அரிசி மில்லில் மோட்டார் பார்த்தார், அதிலேயே வயசாகிப்போனார். அடுத்த வருஷம் கோயிலுக்குப் புது செட் வந்தது. காலனி நிலை மறுபடியும் இருந்த இடத்திலேயே, மைக் இல்லாமல். ராசி இல்லை என்று காரணம் சொன்னார்கள்.

கொஞ்ச வருஷத்தில் காலனிக்காரர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு குருசடி, சின்னச் சிலுவைக் கோயில், கட்டிக்கொண்டார்கள். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அங்கிருந்து குழாய்ச் சத்தம் வரும். அதே அக்காவின் குரல். "எவங்கிட்டயோ வாடகைக்கு எடுத்துக்கினு வந்து கத்துறாங்க. சன்னல சாத்துடி" என்பார் அப்பா. அந்த வெயிலில் சன்னலைச் சாத்திக்கொண்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருப்போம். பொழுது சாயும் நேரத்தில் மாமா வருவார், வருஷம் தவறாமல். சைக்கிள் கேரியரில் சாக்கு போட்டு மூடிய ஏதோ சாமான் இருக்கும். அம்மா கஞ்சி ஊற்றுவாள். மாமா அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டு, மழை தண்ணி பற்றிப் பேசிவிட்டுப் போவார். அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் தூக்கி உட்கார வைத்து, துடைத்துவிட்டு, எல்லாம் செய்தவர் மாமாதான்.

இப்போது என் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன்.

உறுமலுக்குக் காரணம் காய்ந்துபோன கண்டென்சர் என்று கடைக்காரத் தம்பி சொன்னான். அவன் சொன்னபடி ஒரு குண்டு பல்பு வழியாகக் கரண்ட் வருகிற மாதிரி பலகை செய்துகொண்டேன். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும், பெட்டி தப்பிக்கும். கண்டென்சரை மாற்ற எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. விரலில் மூன்று இடத்தில் சூடு. பலகையில் மாட்டி ஆன் செய்தேன். பல்பு மங்கியது, வால்வுகள் சிவந்தன, உறுமல் இல்லை. நான் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

பிறகு தம்பி தேடிக் கொடுத்த சுற்று வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது, வரைபடத்தில் இல்லாத ஒரு சாமான் உள்ளே இருந்தது. குழாய் ஒயர் மாட்டும் இரண்டு திருகுகளுக்கும் நடுவில், உட்பக்கமாக, விரல் தடிமனில் ஒரு ரெசிஸ்டர். ஈயத்தை அள்ளி வைத்துப் பற்றவைத்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். தம்பி போன் செய்தான்.

"ஆன்ட்டி, இது கம்பெனி போட்டதில்ல. பின்னாடி யாரோ போட்டிருக்காங்க. டிரான்ஸ்பார்மரும் ஒரிஜினல் இல்ல, கையால சுத்தினது."

"எதுக்குப் போட்டிருக்காங்க?"

"வால்வு செட்ட குழாய் மாட்டாம ஓட்டக் கூடாது. சத்தம் வெளிய போவ வழியில்லன்னா அந்த வேகம் திரும்பி வந்து டிரான்ஸ்பார்மரையே அடிச்சிடும். வால்யூம் ஜாஸ்தி வெச்சா புகைஞ்சிடும். அப்போ கிட்டப் போய்க் கேட்டா டிரான்ஸ்பார்மரே பாடும், சின்னதா. இது போட்டிருந்தா, யாராவது குழாய் ஒயர கழட்டிட்டாலும் செட்டு சாவாது. வெவரமான ஆளுதான் போட்டிருக்காரு."

போனை வைத்தேன். பிறகு என் மருமகளுக்குக் கல்யாணத்தில் வந்த பழைய டேப் ரிக்கார்டரைச் செருகி, குழாய் ஒயரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன், அப்பா பிடித்த மாதிரி. குமிழைத் திருப்பினேன். காதைக் கிட்டே கொண்டுபோனேன். உள்ளே சின்னதாகப் பாட்டுக் கேட்டது. புகையவில்லை.

அப்பா பெட்டியைக் கொளுத்த நினைக்கவில்லை. ஒரு வாயை மூட மட்டும்தான் நினைத்தார். இதைச் சொல்லி ஆறுதல்பட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கொளுத்த நினைத்திருந்தால்கூட இவ்வளவு கூசாது. மாமாவுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பது வயதுப் பெண் பெருமையாக உளறின அந்த நிமிஷமே தெரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அத்தனை கல்யாணங்களிலும் நான் அந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அவரும் சிரித்தார்.

சரியாகிவிட்டது என்று சொல்ல சோரியாங்குப்பத்துக்குப் போன் செய்தேன். மாமா மருமகளுக்குச் சந்தோஷம்.

"அப்போ பெரிய வெள்ளிக்கிழமைக்கு அனுப்பிடலாமாக்கா? அங்கேருந்து கேட்டுக்கினே இருக்காங்க."

"எங்கேருந்து?"

"உங்க ஊரு காலனி குருசடிக்குத்தான். மாமா வருஷா வருஷம் எடுத்துக்கினு போவாரு. அதுக்கு மட்டுந்தான் அத வெளிய எடுப்பாரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. நாங்கள் சன்னலைச் சாத்திக்கொண்டிருந்தோம். சாயங்காலம் எங்கள் வாசலிலேயே, சாக்குக்கு அடியில், சூடு ஆறாமல் அது நின்றிருக்கிறது. நாங்கள் உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம்.

மாமா மருமகள் குருசடிக்காரர்கள் நம்பர் ஒன்று கொடுத்தாள். இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் பயம். நேற்று காலையில் செய்துவிட்டேன். எடுத்தது வயதான குரல், கொஞ்சம் இருமல். ஆனாலும் அந்த அக்காவின் குரல்தான்.

"யாரு பேசறது?"

பேரைச் சொன்னால் தெரியாதோ என்று, "நாட்டாமை பொண்ணு" என்றேன். அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

"மாமாவோட மைக் செட்டு என்கிட்டதான் இருக்குது. ரிப்பேர் பண்ணிட்டேன். நானே எடுத்துக்கினு வரட்டுமா அக்கா?"

அக்கா என்று நான் சொன்னதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை.

"பாடுதா?"

"பாடுது."

"சரி, கொண்டா" என்றார். பிறகு ஒரு இருமல் இருமிவிட்டு, "கொழா ஒயர மட்டும் கெட்டியா முடுக்கிக்கினு வா" என்றார்.

போனை வைத்த பிறகு திருப்புளியை எடுத்து, ஏற்கெனவே முடுக்கியிருந்த அந்த இரண்டு திருகுகளையும் மறுபடி முடுக்கினேன்.